பேரருவியில் தொண்டை கட்டிய நாள்

இன்று காலை பார்சல் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று, "ஓ.டி.பி. சொல்லுங்க மேடம்" என்றான். வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. "கேக்கல மேடம், சத்தமா சொல்லுங்க." மறுபடி திறந்தேன். இந்தத் தடவை எண்ணெய் காணாத கதவுக் கீல்போல ஒரு சத்தம். அவன் சட்டென்று பின்னால் நகர்ந்து தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கொரோனாவுக்குப் பிறகு தொண்டை கட்டியவர்களை யாரும் பாவமாகப் பார்ப்பதில்லை, குற்றவாளியாகத்தான் பார்க்கிறார்கள். கடைசியில் எண்களை விரலால் காட்டினேன். சைபருக்குப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டியதை அவன் 'சூப்பர்' என்று எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றான். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பார்சலுக்குள் பெங்களூரிலிருந்து மகள் அனுப்பிய ஆவி பிடிக்கும் மிஷின். இளஞ்சிவப்பு நிறத்தில், பொம்மை யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஸ்விட்ச் போட்டால் ஆவி வருமாம். போர்வை போர்த்த வேண்டாம், பானை வேண்டாம், நொச்சித் தழை தேடி வேலி வேலியாக அலைய வேண்டாம்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் நாங்கள் வீடு கட்டி வந்தபோது சுற்றிலும் வயல்தான். இப்போது வீடுகள் நெருங்கிவிட்டன. ஆனால் ஆனி பிறந்தால் மலைக்காற்று எந்தச் சுவரையும் மதிப்பதில்லை. சாரல் தூறும், நிற்கும், வெயிலடிக்கும், துணியை எடுத்து மாடியில் போட்டுவிட்டு இறங்குவதற்குள் மறுபடி தூறும். இந்த மாதங்களில் எனக்கும் மனசு ஓரிடத்தில் நிற்காது. மாடிக்குப் போவேன், மலையில் மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன், இறங்குவேன், அடுப்பில் என்ன வைத்தேன் என்பதை மறந்து மறுபடி ஏறுவேன். "ஒரு இடத்துல உக்காரேன், சாரல்ல நின்னு நின்னுதான் தொண்ட போச்சு" என்பார் வீட்டுக்காரர். நான் பேச முடியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

செல்போனை எடுத்தால் அங்கேயும் இதுதான். தங்கச்சி அனுப்பியது பூண்டுப் பால். சம்பந்தியம்மா அனுப்பியது வெங்காயத்தை வெட்டி உள்ளங்காலில் வைத்துக் கட்டுவது. யாரென்றே தெரியாத ஒருவர், சளி ஒரே ராத்திரியில் ஓட வேண்டுமா என்று கேட்டு, இந்தப் பதிவைப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பினால் ஓடுமா, குடித்தால் ஓடுமா என்று அதில் இல்லை.

மிஷினின் விளக்கத்தாளை நான் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சத்தமில்லாமல் ஒரு விரலி மஞ்சளைக் கேஸ் அடுப்பில் காட்டி, நுனி கனிந்ததும் ஊதி அணைத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார். மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியவில்லை. புகை கண்ணில் ஏறியது. கண்ணீரோடு இருமிக்கொண்டே, நான் வேறெங்கோ போய்விட்டேன். சமையலறையில் இருந்த அருவிச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்ட, ஆனால் கைக்குக் கை போன் வராத காலம் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடைப்பட்ட காலத்தில் நான் பி.ஏ. முடித்துவிட்டுத் தென்காசியில் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற பெண்ணை வீட்டில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் ஜாதகத்தைப் பீரோவிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்கள். அந்தப் பீரோக் கதவு கிறீச்சிட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அப்போதுதான் ஞானராஜ் அண்ணாச்சி வந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மைக்செட் கடை வைத்திருந்தவர். எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவர் செட்டுதான். அதில் நான் வரவேற்புரை வாசித்ததைக் கேட்டிருக்கிறார். குற்றாலத்தில் சீசனுக்கு அறிவிப்புச் செய்கிற வேலையை அந்த வருஷம் அவர் எடுத்திருந்தார். அப்பாவிடம் வந்து, "பிள்ளைக்கு வெண்கலத் தொண்டையில்லா, சீசன் முடியுத மட்டும் பேரருவில மைக்குல பேசட்டுமே" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "சாரல்ல நாள் பூரா நின்னா தடுமம் பிடிக்காதா?"

எங்கள் ஊரில் சளி, ஜலதோஷம் எல்லாவற்றுக்கும் ஒரே பேர் தடுமம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே மூக்கு பாதி அடைத்துக்கொள்ளும். அண்ணாச்சி சிரித்தார். "மலைல உள்ள அத்தன மூலிகையையும் கழுவிக்கிட்டுதான அருவி வருது? அதுல தலையக் குடுத்தா இருக்க தடுமமும் தண்ணியோட போயிரும்."

"மூலிகை இருக்கோ இல்லையோ, தண்ணில தடுமம் இருக்கு" என்றாள் அம்மா. இருந்தாலும் விட்டாள். காதை மூடி மஃப்ளர் கட்ட வேண்டும், அருவியில் குளிக்கக் கூடாது, ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்புகிற சுக்குத்தண்ணியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் நான் பஸ் ஏறினேன்.

மைக் ரூம் என்று பேர்தானே தவிர, நான்கு பக்கமும் பலகை அடித்து மேலே தகரம் போட்ட ஒரு கூண்டு. உள்ளே ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஆம்ப்ளிஃபயர். முன்பக்கம் திறந்திருக்கும், நேரே அருவி. காற்று திரும்பினால் சாரல் உள்ளே வந்து மேஜையை நனைத்துவிட்டுப் போகும். ஆம்ப்ளிஃபயர் மட்டும் கதகதப்பாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு பேசுவேன். "பெண்கள் பகுதியில் குளிப்பவர்கள் நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும், ஓடாதீர்கள்." என் குரல் புனல் புனலாகத் தொங்கிய ஸ்பீக்கர்களில் ஏறிப் பாறையில் பட்டு என்னிடமே திரும்பி வரும். அது என்னைவிடப் பெரிய ஒருத்தியின் குரலாக இருக்கும். எனக்குத் தலைகால் புரியாது.

பாதி வேலை காணாமல் போனவர்களைக் கூப்பிடுவது. கோவில்பட்டியிலிருந்து வந்த மாமியார், சாத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, எந்த ஊரென்று சொல்லத் தெரியாத பிள்ளைகள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "நான் எங்கயும் போகல, இவுகதான் போயிட்டாவ."

ஆடி தொடங்கியதும் எனக்குத் தடுமம் வந்தது. மூக்கில் ஆரம்பித்து இறங்கியது. ஒரு நாள் மாலை அறிவிப்பில் 'நகைகள்' என்று சொன்னது 'தகைகள்' என்று கேட்டதாகக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "தொண்டையப் பாத்துக்க பிள்ள. சத்தம் இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கணும்லா" என்றார். கோபமில்லாமல் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. குரல் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு, வீட்டுக்குப் போனால் பீரோ.

அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தேன். காலையில் அம்மா தூதுவளை ரசம் கொடுத்தாள், மிளகு கடிபடக் கடிபட. தலைக்குச் சாம்பிராணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டு டீச்சர் சித்தரத்தைத் துண்டு ஒன்றைத் தந்து கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார். மைக் ரூமுக்குப் பின்னால் நேந்திரம் சிப்ஸ் போடுகிற சேட்டன், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக்காரர், "மோளே, பனிக்கூர்க்க இல வாட்டிப் பிழிஞ்சு தேனு விட்டுக் குடிச்சா மதி" என்று சொன்னதோடு நிற்காமல், சிப்ஸ் அடுப்பிலேயே இலையை வாட்டிப் பிழிந்து கொண்டுவந்தார். நாம் ஓமவல்லி என்போமே, அதுதான்; அதைக் குடித்தாலே போதுமாம். அதில் வாழைக்காய் வாசம் அடித்தது. காவலுக்கு நின்ற ஏட்டம்மா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு விரலி மஞ்சளைச் சுட்டு என் மூக்கில் காட்டினார். "இழுட்டி, இன்னும் இழு. குத்தவாளி மாதிரி முழிக்காத." கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட இழுத்தேன். எல்லாம் போதாதென்று நானாகவே மிளகுப் பொடியைத் தேனில் குழைத்து மணிக்கொரு தரம் நக்கினேன்.

எது எதைக் கெடுத்ததோ. ஞாயிற்றுக்கிழமை காலை மைக்கைப் போட்டு, "அன்பார்ந்த பொதுமக்களே" என்றேன். 'அன்' மட்டும் போனது. மீதி வரவில்லை.

அண்ணாச்சி தென்காசிக்குப் போயிருந்தார், பழுதான ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு. சீசனிலேயே அதிகமான கூட்டம் அன்றைக்குத்தான். படிக்கட்டில் தலைக்குமேல் தலை. ஆண்கள் பக்கம் எண்ணெய் மினுங்குகிற முதுகுகள் வரிசையாக நகர்ந்தன. மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. நான் மைக்கின் முன்னால் உட்கார்ந்து சுக்குத்தண்ணியை விழுங்கிவிட்டு, தொண்டையைத் தடவிவிட்டு, யாரும் காணாமல் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இன்றைக்கு மட்டும் எல்லாரும் அவரவர் இடத்தில் இருங்கள்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் மங்கல், அப்புறம் செம்மண். அருவியின் சத்தம் கனத்தது. குளிக்கிற இடத்தில் கட்டியிருக்கிற ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் ஏட்டம்மா ஓடிவந்து சைரனைப் போட்டார். மறுபடி ஓடினார். விசில், கூச்சல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்கள், வழுக்கி விழுந்து எழுகிற ஆண்கள். கொஞ்ச நேரத்தில் பாறை காலியாகிவிட்டது. தண்ணீர் மட்டும் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஈரப் புடவை, முடியிலிருந்து நீர் ஒழுகுகிறது, தோளில் ஒரு துணிப்பை.

"மைக்குப் பிள்ளை நீதான? எங்க வீட்டுக்காரவுகளக் காணும். பையக் குடுத்து இங்கன உக்காந்து பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுதான் நான் குளிக்கப் போனேன். வந்து பாத்தா பை வளையல்கடைல இருக்கு, ஆளக் காணும்."

"பேரு?" என்றேன் காற்றாக.

"பேச்சியம்மா. அச்சன்புதூரு."

"ஒங்க பேரு இல்ல அத்தே. அவுக பேரு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். என் குரலைவிடவும் தாழ்த்தினாள். "சுடுகாட்டுக் கரையில அருவாளோட நிப்பாருல்லா, அந்தச் சாமி."

"சுடலையா?"

தலையை ஆட்டினாள். "அதுகூடப் பொறவு, சிப்பிக்குள்ள இருக்குமே."

"முத்து. சுடலைமுத்து."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதான்" என்றாள். "அவுகளுக்கு ரெண்டு நாளாத் தடுமம். தண்ணி பக்கமே போகாதியன்னு சத்தியம் வாங்கிட்டுதான் கூட்டியாந்தேன். அருவில தலையக் குடுத்தா தடுமம் போயிரும்னு காலைலருந்து சொல்லிக்கிட்டே வந்தாவ. போயிருப்பாவளோ? நீ சட்டுனு கூப்பிடு."

மைக்கைப் போட்டேன். "அச்சன்பு…" அவ்வளவுதான். கோழிக்குஞ்சை மிதித்ததுபோல ஒரு சத்தம் ஸ்பீக்கர்களில் போய்ப் பாறையில் பட்டுத் திரும்பியது. படிக்கட்டில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். இன்னொரு தரம் முயன்றேன், அதுவும் இல்லை.

ஏட்டம்மா கீழேயிருந்து ஏறி வந்தார். லத்தி நுனியில் ஒரு துண்டு தொங்கியது. "இது கம்பியில மாட்டிக் கெடந்துச்சு. யாருதுன்னு மைக்குல கேளு" என்று மேஜையில் போட்டுவிட்டுத் திரும்பவும் தண்ணீர் பக்கம் ஓடினார்.

பேச்சியம்மா துண்டை எடுத்து விரித்தாள். ஓரத்தில் கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் தச்சது" என்றாள். துண்டைப் பிடித்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் அருவியைப் பார்த்தேன். செம்மண் தண்ணீர் பாறையில் மோதிப் பாலத்துக்கடியில் போய்க்கொண்டிருந்தது. அதில் என்ன போனாலும் தெரியாது.

எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் என் தொண்டை மேல்தான். ஊரில் உள்ள அத்தனை தழையையும் தின்றுவிட்டு, ஒரு மனிதனின் பேரை அது சொல்ல மாட்டேனென்கிறது. மைக்கை உருவி அவள் கையில் திணித்தேன். காதில் வாயை வைத்து, "நீங்களே கூப்பிடுங்க" என்றேன்.

"நானா? இதுலயா?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

அகப்பையைப் பிடிப்பதுபோல மைக்கைப் பிடித்தாள். "ஏங்க" என்றாள்.

பேரருவி முழுக்க "ஏங்க" என்று கேட்டது. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். துவட்டிக்கொண்டிருந்த ஆண்கள், எண்ணெய் தேய்க்கக் குந்தியிருந்தவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், கல்யாணமான அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, எங்கன இருக்கிய?" யாரோ ஒருவன், "இங்கனதான் இருக்கேன், வா" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. "ஒங்கள இல்லய்யா" என்று அதையும் மைக்கிலேயே சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது.

"முப்பிடாதி அப்பா" என்றாள் அடுத்து. மூத்த பிள்ளையின் பேராக இருக்கும். கொஞ்சம் காத்திருந்தாள், யாரும் வரவில்லை. அவள் கையில் இருந்த துண்டிலிருந்து சிவந்த தண்ணீர் மேஜையில் சொட்டியது. அதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுடலைமுத்து."

கூப்பிடுகிற குரலாக இல்லை அது. பள்ளிக்கூடத்தில் முதல்நாள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளின் குரல். சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் மறுபடி சொன்னாள், கொஞ்சம் பெரிதாக. "சுடலைமுத்து!"

நம் பக்கத்தில் அந்தப் பேருக்குப் பஞ்சமா? ஈரத்தோடு ஒருவர் வந்து நின்றார், "எம் பேருதான், யாரு கூப்பிட்டது?" என்று. பின்னாலேயே மீசை வைத்த இன்னொருவர். சோப்பு நுரை காதில் இருக்க ஒரு பையன். ஒவ்வொருவரையும் ஏறிட்டுப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தேன். வந்தவர்களும் போகவில்லை. பக்கத்தில் ஒதுங்கி நின்று அவர்களும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. "அச்சன்புதூர் சுடலைமுத்து. தடுமம் பிடிச்ச சுடலைமுத்து. குளிக்கக் கூடாதுன்னு சொன்னேம்லா? குளிச்சிருந்தா பரவால்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஏசவே மாட்டேன். வந்துருங்க. எங்கன இருந்தாலும் வந்துருங்க. சுடலைமுத்து…"

மைக் ரூமுக்குப் பின்னால் சிப்ஸ் கடையின் தட்டி விலகியது. தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, சேட்டனுடைய கைலியை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஓடிவந்தார். அவர் கிட்டத்தில் வந்ததும் தேங்காய் எண்ணெயும் வறுத்த நேந்திரமும் சேர்ந்து அடித்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. மைக் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தத் தும்மல் பேரருவி முழுக்கக் கேட்டது. படிக்கட்டில் கை தட்டினார்கள்.

"ஏட்டி" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எம் பேரையா சொன்னே?"

"சொன்னேன்."

"ஊரு கேக்கவா?"

"ஊரு கேக்கத்தான். துண்ட மட்டும் கொண்டாந்து குடுத்தா நான் வேற என்னத்தச் சொல்ல?"

அவர் அப்போதுதான் துண்டைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. நடந்தது இதுதான்: அவள் பெண்கள் பக்கம் போனதும் இவர் ஆண்கள் பக்கம் போயிருக்கிறார். தலையைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் சைரன். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் துண்டு போய்விட்டது, இவர் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். மாற்று வேட்டி இருந்த பையை அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். ஈரத்தோடு போய் நின்றால் குளித்தது தெரிந்துவிடும். அதனால் சிப்ஸ் கொப்பரைக்குப் பக்கத்தில் குந்தி, வேட்டியைக் காயவைத்துத் தலையையும் காயவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவராக வந்து நிற்கலாமென்று இருந்திருக்கிறார்.

நான் மைக்கை அணைத்தேன். இல்லையென்றால் அதற்குப் பிறகு அவள் ஏசியதும் ஊருக்குக் கேட்டிருக்கும். ஏசவே மாட்டேன் என்று மைக்கில் சொன்னதெல்லாம் மைக்கோடு போயிற்று. பையிலிருந்து உலர்ந்த புடவையை உருவி அவர் தலையை அழுத்தித் துவட்டினாள், அடிக்கிறாளா துவட்டுகிறாளா என்று தெரியாதபடி. அவர் தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார். சுடலைமுத்துகள் மூவரும் கலைந்து போனார்கள். மீசைக்காரர் மட்டும் போகிறபோக்கில், "பேரக் காப்பாத்திட்டீரு வே" என்றார்.

அச்சன்புதூர்க்காரரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த சுக்குத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்ததும் பேச்சியம்மா வாங்கி மீதியை என்னிடம் நீட்டினாள். "நீ ஏன்ட்டி பேச மாட்டுக்கே? என்னல்லாம் குடிச்ச?" சைகையும் காற்றுமாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கியது. "மிளகும் மஞ்சப்பொகையும் சித்தரத்தையும் ஒண்ணாப் போட்டா தொண்ட வெந்துல்லா போவும்? ஒண்ணும் வேண்டாம். வெந்நியக் குடி. வாய மூடிட்டு வீட்டுல கெட." சுடலைமுத்து சாக்குக்குள்ளிருந்து ஆமோதித்தார். ஆமோதிக்கும்போதும் தும்மினார்.

அண்ணாச்சி சாயங்காலம் திரும்பிவந்தபோது கடைக்குக் கடை நிறுத்தி அவருக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பாவூர்சத்திரத்திலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார். நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். நெல்லுச் சோற்றுக் கஞ்சி, வெந்நீர், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. வாயை மூடிக்கொண்டிருப்பதைவிடக் கஷ்டமான மருந்தை நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. முற்றத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். பதில் சொல்ல முடியாத அந்த நாட்களில்தான் பீரோ திறந்து ஜாதகம் வெளியே போனது. பேச முடிந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

குரல் திரும்பியது, முன்னைப்போல வெண்கலமாக இல்லை, கொஞ்சம் விரிசலோடு. அண்ணாச்சி விரட்டவில்லை. அந்தப் பெண் காலையில், நான் மாலையில் என்று சீசனை முடித்தோம். அடுத்த வருஷம் என்னைக் கடைக்கு வரச் சொல்லி, எல்லா அறிவிப்பையும் ஒரு கேசட்டில் பேசி வாங்கிக்கொண்டார். அன்றைக்கும் எனக்கு லேசாகத் தடுமம். கேசட் பல சீசன் ஓடியது. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் என்னை அருவிக்குக் கூட்டிப்போனபோது மேலே நான் பேசிக்கொண்டிருந்தேன், நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. "யாரு இந்த மூக்கடைச்ச பிள்ளை?" என்றார். பஸ் ஏறும்வரை நான் சொல்லவில்லை.

பேச்சியம்மாவை இன்னொரு தரம் பார்த்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில், கையில் கீரைக்கட்டோடு. அவர் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் நின்றார். நலம் விசாரித்துவிட்டு, "இப்ப பேரச் சொல்லிக் கூப்பிடுதியளா அத்தே?" என்று கேட்டேன். வெட்கப்பட்டாள். "அன்னைக்கோட சரி. அவுகதான் எப்பவாவது கேப்பாவ, இன்னொரு வாட்டி சொல்லேம்பாவ. நான் மாட்டேன்னுட்டேன்." பஸ் வந்தது. "இந்தாங்க, வாங்க" என்று டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

அண்ணாச்சி இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். மைக் ரூமைப் பிரித்துவிட்டார்கள், சேட்டனின் கடையும் போய்விட்டது. போன ஆடியில் மனசு கேட்காமல் பேரருவிக்குப் போனேன். ஒரு கம்பத்தில் கேமரா, ஒரு ஸ்பீக்கர். அதில் மூக்கடைப்பே அறியாத ஒரு பெண் மூன்று மொழிகளில் ஒரே ஏற்ற இறக்கத்தோடு எச்சரித்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் தேடி வந்து நிற்கிற இடமென்று ஒன்றில்லை. எல்லோர் கழுத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள் போன் தொங்கியது.

படிக்கட்டில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள், புதுத் தாலி, ஈரத் தலை, தோளில் பெரிய பை. கூட்டத்தை ஒரு தரம் பார்த்தாள், எக்கி இன்னொரு தரம் பார்த்தாள். தன் போனை எடுத்து நம்பரைப் போட்டாள். அவள் தோளிலிருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது. குளிக்கப் போகும்போது புருஷன் தன் போனை அவளிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் அருவியைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்தாள். சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். பிறகு மறுபடியும் அதே நம்பரைப் போட்டுவிட்டு, பைக்குள் அடிக்கிற மணியைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.